எழும்பாத வாசல்

அறுபதுகளின் தொடக்கத்தில் பாலசமுத்திரத்தில் வீடு கட்டினேன். கீழே கரிசல் மண். கோடையில் கை நுழையும் அளவு வெடிக்கும். ஈரம் பட்டால் உப்பி எழும். ரோடு வேலையில் ஓவர்சியராக இருந்து, இதெல்லாம் தெரிந்தும் அங்கேயே மனை வாங்கினேன் என்றால் விதி, வேறென்ன? வீட்டுக்கு ஆழமாக அஸ்திவாரம் போட்டுத் தப்பித்தேன். வாசலில் போட்ட சிமெண்டுத் தளம்தான் வருஷா வருஷம் தூக்கிக்கொண்டு விரிசல் விட்டது.

மழையைவிட என் மனைவிதான் அதற்குப் பெரிய எதிரி. வெள்ளனே எழுந்து குடம் குடமாக வாசல் தெளிப்பாள். தண்ணீர் தளத்தின் ஓரத்தில் இறங்கும், மண் ஊதும். தினமும் சண்டை.

"லேசாத் தெளிச்சாப் போதாதா? வாசலுக்கு ஆத்தையே வெட்டிவிடணுமா?" என்பேன்.

"தெளிக்காமக் கெடந்தா எழவு வீடும்பாங்க. ஊரு ரோட்டையெல்லாம் போடுறீங்க, ஒரு வாசலப் போட முடியலையா?"

எனக்குச் சுருக்கென்றது. அந்தச் சித்திரையில் தளத்தை உடைத்தேன். ஈரம் எட்டாத ஆழம்வரை குழிகள் தோண்டி, அடியை அகலப்படுத்தி, கம்பி கட்டிக் கான்கிரீட் தூண்கள் இறக்கினேன். தூண்களோடு சேர்த்துக் கம்பி பின்னிப் புதுத் தளம் போட்டேன். தளத்துக்கும் மண்ணுக்கும் நடுவே சந்து விட்டேன். உப்புகிற மண் அதற்குள் உப்பிக்கொள்ளட்டும்.

புதுத் தளம் இறுகத் தண்ணீர் கட்டி நிறுத்த வேண்டும். அந்த வேலையை அவள் யாருக்கும் விடவில்லை. "தண்ணி ஊத்துன்னு உங்க வாயால சொல்லிட்டீங்களே, அதிசயந்தான்!" என்று சிரித்தாள். "இனி எம்புட்டு ஊத்துனாலும் எந்திரிக்காதுல்ல?"

"மழை வரட்டும், பாரு" என்றேன்.

மழைக்கு முன்னால் விஷக்காய்ச்சல் வந்துவிட்டது. பழனி ஆஸ்பத்திரியிலிருந்து அவளைப் பிணமாகத்தான் கொண்டுவந்தோம். அந்தத் தளத்தில்தான் கிடத்தினார்கள்.

ஐப்பசியில் கொட்டித் தீர்த்தது. தெருவில் மற்ற வாசல்கள் தூக்கிக்கொண்டன. என்னுடையது அசையவில்லை. கூட வேலை பார்ப்பவர்கள் வந்து மட்டம் வைத்துப் பார்த்துவிட்டு, "சொன்ன மாதிரியே நிக்குதேங்க" என்றார்கள். "சோலியப் பாத்துட்டுப் போங்கய்யா" என்று விரட்டினேன்.

மழை விட்ட ஒரு காலையில் நானே குடத்தை எடுத்தேன். எதிர்வீட்டு அம்மா பதறினாள்: "என்ன தம்பி, ஆம்பள வாசத் தெளிக்கிறதா? இருங்க, நான் வாறேன்."

நான் காதில் வாங்கவில்லை. என் மனைவி ஊற்றிவந்த அதே ஓரத்தில் குடம் குடமாக ஊற்றினேன். மறுநாளும் ஊற்றினேன். அதற்கடுத்த நாட்களிலும் ஊற்றினேன். பாழாய்ப்போன தளம் ஒரு நூல்கூட எழவில்லை. எழுந்திருந்தால் வீட்டுக்குள் திரும்பி, "பாரு, உன்னாலதான்" என்று ஒரு சத்தமாவது போட்டிருப்பேன்.