பௌர்ணமியன்று வைத்த நேர்காணல்

பிஎச்டி நேர்காணலைப் போயும் போயும் பௌர்ணமியன்று வைத்தார்கள். அதுவும் ஆன்லைனில். எங்கள் வீடு அடி அண்ணாமலையில், கிரிவலப் பாதையை ஒட்டி. பௌர்ணமியன்று ஊர் கொள்ளாத கூட்டம் நடக்கும். நடக்கிற அத்தனை பேரும் வீடியோ எடுத்து அனுப்புவார்கள். எங்கள் போனில் நெட்வொர்க் செத்துப்போகும்.

வேறு நாள் கேட்டுப் பல்கலைக்கழகத்துக்குப் போன் செய்தேன். எடுத்த பேராசிரியை உருகிப்போனார். "பௌர்ணமியா? அதுவும் அண்ணாமலையார் காலடியிலயா? கொடுத்து வச்சவம்மா நீ! எல்லாம் நல்லபடியா நடக்கும்" என்று சொல்லி வைத்துவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

எழுத்துத் தேர்வில் தேறியிருந்தேன், இது ஒன்றுதான் பாக்கி. சீட் கிடைக்காவிட்டால் செருப்புக் கம்பெனி வேலைக்குப் போவதென்று வீட்டில் பேசி முடித்தாயிற்று. கூட்டம் எட்டாத கீழ்பென்னாத்தூரில் தோழி வீட்டிலிருந்து பேசலாம் என்றிருந்தேன். விடிந்தால் அது சாவு வீடாகிவிட்டது. வேறு வழியில்லாமல் எங்கள் அறையிலேயே உட்கார்ந்தேன்.

அம்மாவுக்கு வீட்டு வாசலிலேயே டீக்கடை. பௌர்ணமி வியாபாரத்தில்தான் எங்கள் மாதம் ஓடுகிறது. "கடையத் தொறந்தா சத்தம் ஜாஸ்தி வரும்டி" என்று அன்று கடையைத் திறக்காமல், அறைக்கு வெளியே காவலுக்கு நின்றுகொண்டாள்.

அதிசயமாக லைன் கிடைத்தது. திரையில் மூன்று பேர். கிணற்றுத் தண்ணீரில் புளோரைடு பற்றி ஏன் ஆய்வு செய்ய வேண்டும் என்று ஒருவர் கேட்டார். விட்டேனா! படித்தது, எங்கள் பக்கத்து ஊர்களில் பார்த்தது எல்லாவற்றையும் கொட்டினேன். நடுவில் இருந்தவர் கன்னத்தில் கை வைத்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். எந்தப் பேராசிரியர் அப்படி அசையாமல் கேட்பார்? அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். முடித்துவிட்டு "சார்?" என்றேன். ஒருவரும் இமைக்கவில்லை. படம் நின்றுபோய் எவ்வளவு நேரமோ, தெரியாது.

மாடிக்கு ஓடினேன், தெருமுனைக்கு ஓடினேன். ஒன்றும் நடக்கவில்லை. சாயங்காலம்தான் பல்கலைக்கழக அலுவலகத்துக்கு லைன் போனது.

"நீங்க பாதியிலயே போயிட்டீங்கனு போட்டுட்டாங்கம்மா. லிஸ்ட்டும் மேல போயிடுச்சி."

"நான் பேசிட்டுதான் சார் இருந்தேன்."

"என் கையில எதுவும் இல்லம்மா."

அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதேன். வாசலில், தண்ணீர் கேட்டு நின்ற யாரோ ஒரு அம்மாளிடம் என் அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள்: "இங்கிலீஷ்ல என்னா பேச்சு பேசினா தெரியுமா எம்பொண்ணு! எங்கயும் நிக்கவேயில்ல. கதவாண்ட நின்னு மொத்தத்தையும் நாந்தான் கேட்டேன். எனக்கு ஒண்ணும் புரியல. அவங்களுக்குப் புரிஞ்சிருக்கும் இல்ல?"