அவருக்கென்று தைத்த தலையணி

இதை எழுதுவதற்கு ஹனோவரில் இருக்கும் எங்கள் உறவினர்களே காரணம். ஊர்வலத்தன்று என் கணவர் பளபளக்கும் தலைப்பாகை ஒன்றைச் சங்கத் தலைவரின் முகத்தில் வீசியெறிந்தார் என்று அவர்கள் கல்யாண வீடுகளில் சொல்லி வருகிறார்கள். கேட்பவர்கள் மகிழ்கிறார்கள். அப்படி எதுவும் நடக்கவில்லை. ஆகவே நான் கண்ணால் கண்டதையும் பின்னர் கணவர் தம் வாயால் உறுதிப்படுத்தியதையும் தவிர வேறெதையும் இங்கே எழுதப் போவதில்லை. நடந்தது அந்தக் கதையைவிடச் சிறியது, கசப்பும் கூடியது.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து, தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் ஜெர்மனியில் ஸ்டுட்கார்ட்டுக்கு வெளியே ஒரு சிற்றூரில் குடியிருந்தோம். கோடைதோறும் அவ்வூரார் ஐந்நூறு ஆண்டுகளுக்கு முந்திய முன்னோரைப்போல் உடுத்து ஊர்வலம் போவார்கள். அதற்கான உடைகளைத் தைக்கும் சங்கத்தில் மேல்வீட்டுப் பெண்மணி என்னைச் சேர்த்துவிட்டார். ஆண்களின் தலையணி என் பங்காயிற்று. குகெல் என்று அதற்குப் பெயர்: தலையையும் தோளையும் மூடும் கம்பளி முக்காடு, பின்னால் நீண்டு தொங்கும் வால். அக்காலத்து நகரத்து ஆண்கள் அதை வேறு விதமாகவும் அணிந்தார்கள். முகம் தெரிவதற்கான திறப்பை உச்சந்தலையில் மாட்டி, தோள்துணியை ஒரு பக்கம் சரியவிட்டு, வாலைத் தலையைச் சுற்றிக் கட்டினார்கள்.

சங்கத் தலைவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். பழைய ஓவியத்தில் காணாத ஒரு பொத்தானைக்கூட அனுமதிக்கமாட்டார். இயந்திரத் தையல் கண்ணில் பட்டால் பிரிக்கச் சொல்வார். அந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

கணவரும் ஊர்வலத்தில் நடக்க விரும்பினார். அவ்வூரில் எங்களை ஒருவரும் வைததில்லை. எப்போது திரும்பிப் போவீர்கள் என்று மட்டும் அன்பாகக் கேட்பார்கள். ஒரு பகலாவது அந்தக் கேள்வி எழாத வரிசையில், அவ்வூர் மனிதராக நடக்கவேண்டும் என்பதே அவருடைய ஆசை. தலைவர் தாராளமாக வரலாம் என்றார். நான் கருநீலக் கம்பளியில், மெழுகு பூசிய நூலால், கணவர் தலைக்கு அளவெடுத்து ஒன்று தைத்தேன்.

அவர் அதை யாழ்ப்பாணத்து மாப்பிள்ளைக்குத் தலைப்பாகை கட்டுவதுபோல் இறுக்கிச் சுற்றி, நுனியை உள்ளே செருகினார்.

"என்னப்பா, மாப்பிள்ளை மாதிரி இருக்கிறனோ?"

"கண்ணாடியில வயித்தையும் ஒருக்காப் பாருங்கோ."

மற்றவர்கள் கட்டியவை நாலடி நடப்பதற்குள் அவிழ்ந்தன. அவர் கட்டியது அசையவில்லை. ஒத்திகைகளில் எல்லோரும் அவர் முன்னால் வந்து தலைகுனிந்து நின்று கட்டிக்கொண்டார்கள். எங்கள் மாப்பிள்ளைக் கட்டு எந்த ஓவியத்தில் இருக்கிறது என்று தலைவர் கேட்கவில்லை.

ஊர்வலத்தன்று காலை தலைவர் ஒரு பையுடன் வந்தார். என் கணவர் நகரத்தார் வரிசையில் நின்றால் பார்ப்பவர்களுக்கு நம்பிக்கை வராது என்றும், கீழைத்தேசத்து வணிகராகப் பின்னால் நடந்தால் பொருத்தமாக இருக்கும் என்றும் இனிமையாகவே சொன்னார். பைக்குள் செயற்கைப் பட்டில் ஒரு தலைப்பாகை இருந்தது. நெற்றியில் ஒட்டிய கண்ணாடிக்கல், உள்ளே எலாஸ்டிக், முழுவதும் இயந்திரத் தையல்.

கணவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு என்னிடம் தமிழில் சொன்னார்:

"இது எந்தப் படத்தில இருக்காம்? கேளும்."

கேட்டேன். தலைவர் சிரித்தார். சனங்களுக்குப் பிடிக்கும் என்றார்.

கணவர் அதை மடித்துப் பையில் வைத்துக் கொடுத்தார். பிறகு தம்முடைய குகெலைக் கழற்றி மேசையில் வைத்தார். அந்த வரிசையில் இடம் காலியாகிவிட்டதால் தலைவர் தம் மருமகனை அழைத்தார். அந்த இளைஞன் என் கருநீலத் தலையணியை எடுத்து மாட்டினான். வாலைச் சுற்றத் தெரியாமல் சிறிது நேரம் தடுமாறிவிட்டு, வழக்கம்போல் என் கணவர் முன்னால் வந்து தலையைக் குனிந்தான்.

கட்டவேண்டாம் என்று நான் சொன்னேன்.

"விடும். அவிழ்ந்து விழுந்தா மண்ணில எல்லோ இழுபடும். உம்மட தையல்."

கட்டினார். மற்ற எவருக்கும் கட்டியதைவிடக் கவனமாக, இரண்டாம் முறை பிரித்துக் கட்டினார். பின்பு நாங்கள் இருவரும் வீட்டுக்கு நடந்தோம். மேளச் சத்தம் பின்னால் கேட்டது. அடுத்த வாரம் நான் சங்கத்திலிருந்து விலகினேன். அவரை ஒருவரும் தேடி வரவில்லை.

அன்று காலைதான் தலைவர் மனம் மாறினாரா, சம்மதித்த நாளிலேயே அந்தப் பையை வாங்கி வைத்திருந்தாரா என்பது எங்களுக்குத் தெரியாது. என் கணவர் அந்தத் தலையில் கட்டியதற்கு என் தையல் மட்டும்தான் காரணமா என்பதும் எனக்குத் தெரியாது.