மாமியார் அவிழ்த்த கயிறு

என் ஜீப் இடது பக்கம் இழுத்துக்கொண்டிருந்தது. எழுபதுகளின் கடைசியில் ஏலத்தில் எடுத்த பழைய வண்டி அது. ஜவ்வாது மலையில் எங்கள் ஊருக்கு அப்போது பஸ் கிடையாது. புளி மூட்டையும் சாமை மூட்டையும் ஏற்றிக்கொண்டு செங்கம் சந்தைக்குப் போய் வருவேன். ஒருநாள் ஓடையைக் கடக்கும்போது பாறைமேல் ஏறி இறங்கியதில் அடியில் ஏதோ வளைந்துவிட்டது. அதிலிருந்து ஸ்டியரிங்கை நேராகப் பிடித்தால் வண்டி பள்ளத்தைப் பார்த்துப் போனது.

வேறு சமயமாக இருந்தால் திட்டிக்கொண்டே ஓட்டியிருப்பேன். ஆனால் என் மனைவிக்கு நிறைமாதம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, வலி கண்டதும் செங்கம் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்விட வேண்டும் என்று நர்சம்மா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போகாமல், மாமியாரே எங்கள் வீட்டுக்கு வந்து தங்கியது இந்த ஜீப்பை நம்பித்தான். செங்கத்தில் மெக்கானிக் இருந்தார். அவரிடம் விட்டால் இரண்டு நாள் வண்டியைப் பிடித்து வைத்துக்கொள்வார். அந்த இரண்டு நாளில் வலி வந்தால் என்ன செய்வது? வீல் அலைன்மென்ட்தானே, நானே பார்த்துக்கொள்கிறேன் என்று இறங்கினேன். எனக்கு எப்போதுமே கொஞ்சம் கொழுப்பு அதிகம்.

முதலில் வண்டி சமதரையில் நிற்க வேண்டும். மலையில் சமதரைக்கு எங்கே போவது? வாசலை மண்வெட்டியால் செதுக்கி, தண்ணீர் ஊற்றி அது எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து, மறுபடியும் செதுக்கியதிலேயே காலைப்பொழுது போய்விட்டது. பிறகு இரண்டு பக்கமும் முளை அடித்து, பின்சக்கரத்தை ஒட்டி முன்சக்கரம் வரைக்கும் கயிற்றை விறைப்பாகக் கட்டினேன். அந்தக் கயிறுதான் அளவு. முன்சக்கரம் அதிலிருந்து எவ்வளவு கோணியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். வண்டிக்கு அடியில் படுத்து, முன்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் டை ராடின் போல்ட்டைத் தளர்த்தி, ராடைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகிச் சரிசெய்ய வேண்டும். கடைசியில் போல்ட்டை முடுக்கிவிட்டால் வேலை தீர்ந்தது.

போல்ட்டைத் தளர்த்தி, ராடைப் பாதி திருகியிருந்தபோது உள்ளேயிருந்து மனைவியின் அலறல் கேட்டது. இன்னும் பத்து நாள் இருக்கிறது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தோம்.

நான் ஊர்ந்து வெளியே வருவதற்குள் மாமியார் வாசலுக்கு வந்துவிட்டார். பிரசவ வலி வந்தால் வீட்டில் கட்டியது எதுவும் கட்டியபடி இருக்கக் கூடாது என்பது அவர்கள் வழக்கம். சாமை மூட்டையின் வாய் திறந்து கிடந்தது. டிரங்குப் பெட்டியும் திறந்து கிடந்தது. கன்றுக்குட்டி கயிறு இல்லாமல் செடியை மேய்ந்துகொண்டிருந்தது. அவர் குனிந்து என் முளைகளிலிருந்த கடைசி முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

"ஐயோ, இன்னா பண்றீங்க?"

"கட்டு இருந்தா புள்ளைக்கு வழி வுடாது மாப்ள. நீங்களும் அடியில எதையும் முடுக்காதீங்க."

"முடுக்கலன்னா வண்டி ஓடாதுங்க."

"மொள்ள ஓட்டுங்க, போவும்."

அந்த நேரத்தில் அவருக்கு நான் எதைச் சொல்லிப் புரியவைப்பது? எனக்குக் கோபமும் பயமும் ஒன்றாக வந்தன. கயிறு போனதால் அளவும் போய்விட்டது. ஸ்பேனரை எடுப்பதுபோல் மறுபடியும் வண்டிக்கு அடியில் போனேன். ராடைக் கண்ணளவில் திருகினேன். சத்தம் கேட்காமல் இருக்க ஸ்பேனரில் துண்டைச் சுற்றிக்கொண்டு, பலம் கொண்ட மட்டும் போல்ட்டை முடுக்கினேன்.

இப்போது வண்டி ஒரு பக்கம் இழுக்கவில்லை, இரண்டு பக்கமும் அலைந்தது. மாட்டுவண்டி வேகத்துக்கு மேல் போக முடியவில்லை. அழுத்தினால் பள்ளம். பின்னால் மனைவி தாயின் மடியில் தலைவைத்து, என்னென்னவோ சொல்லி அழுதுகொண்டிருந்தாள். என்னால் ஸ்டியரிங்கைத் தவிர எதையும் பிடிக்க முடியவில்லை.

"முடுக்கலியே மாப்ள?"

"இல்லீங்க."

"கேட்டியா, எதுவும் முடுக்கலியாம். நீ பயப்படாத" என்று அவர் மகளுக்குச் சொன்னார்.

ஆஸ்பத்திரியில் பிறந்தது ஆண் பிள்ளை. அழவில்லை. இன்னும் கொஞ்சம் முன்னாடியே வந்திருக்கக் கூடாதா என்று டாக்டரம்மா என்னிடம்தான் கேட்டார். மனைவி பிழைத்துக்கொண்டாள்.

சாயந்திரம் செங்கத்திலிருந்த மாமியாரின் தங்கை ஆஸ்பத்திரிக்கு வந்தார். வராந்தாவில் உட்கார்ந்து, வீட்டில் எல்லாவற்றையும் அவிழ்த்தாயா என்று அக்காவைக் கேட்டார்.

"எல்லாத்தையும் அவுத்துட்டுதான் வந்தேன். மாப்ள கூட வண்டில ஒண்ணும் முடுக்காமதான் ஓட்டினு வந்தாரு. அவரு மேல ஒரு குத்தமும் இல்ல. நம்ம தலையெழுத்து" என்றார் மாமியார். பிறகு தன் முந்தானையால் என் கையிலிருந்த கிரீஸைத் துடைத்துவிட்டார்.

முடிச்சை நான் நம்பியவன் இல்லை. இன்றும் நம்பவில்லை. ஆனால் அந்த வராந்தாவில் கையை இழுத்துக்கொள்ள முடியவில்லை, வாயைத் திறக்கவும் முடியவில்லை. மாமியார் அதற்குப் பிறகு இருபது வருஷம் இருந்தார். யாரிடம் பேசினாலும், மாப்பிள்ளை அன்று தன் பேச்சைக் கேட்டார் என்றுதான் சொல்லுவார். நான் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன்.