கடலுக்கும் அன்னபேதி

ஆயக்குடியில் எங்கள் கொய்யா இலைகள் மஞ்சளானபோது, பார்த்தவர்கள் எல்லோரும் சொன்ன மருந்து ஒன்றுதான்: அன்னபேதி. இரும்புச் சத்து குறைந்த செடிக்குக் கொடுக்கும் பச்சை நிற உப்பு. தண்ணீரில் கரைத்து, எலுமிச்சம் பழம் பிழிந்து, இலையில் அடிக்க வேண்டும். என் கணவர் அதை ஆழ்துளைப் போர் தண்ணீரில் கரைத்தார். கிணறு வற்றியபின் எங்களுக்கு வேறு தண்ணீர் ஏது? அந்த உப்புத் தண்ணீரில் எலுமிச்சை எடுபடவில்லை. மருந்து துரு நிறமாகி டிரம்மின் அடியில் படிந்துவிட்டது.

லாரித் தண்ணீர் வாங்கி மறுபடி கரைத்து அடித்தோம். இலைக்கு அது போதும். வேருக்கு ஊற்ற எந்த லாரி வரும்? ஆனாலும் தோப்பு பச்சையானது. அவருக்குத் தலைகால் புரியவில்லை. போட்டோ எடுத்து, கடல் ஆராய்ச்சியில் வேலை பார்க்கும் மகளுக்கு அனுப்பினார்.

அவள் உடனே கூப்பிட்டாள். "ஏனுங்கப்பா, இதே இரும்பு உப்பைக் கடல்லயும் தூவிப் பாக்கறாங்க. பாசி மாதிரி பொடிப்பொடியா பச்சையா வளரும். காத்துல இருக்கற கரியமில வாயுவை இழுத்துக்கும். உலகத்தோட சூடு குறையுமான்னு பாக்கறாங்க."

"நம்ம அன்னபேதியா!" கடலுக்கே வைத்தியம் சொன்னவர் மாதிரி மீசையைத் தடவிக்கொண்டார். "பச்சையான பொறகு என்ன கண்ணு ஆகும்?"

"இழுத்த கரியோட செத்துக் கடலுக்கு அடியில போயிரணுங்கப்பா. அப்பத்தான் பிரயோசனம். போகுதான்னு இன்னும் உறுதியாத் தெரியல."

"அதுக்குள்ள இங்க மழை வருமா?"

அவள் மாடு எப்படி இருக்கிறது என்று கேட்டாள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவள் மேல் இல்லை. புகையை ஊதித் தள்ளிவிட்டு, எல்லாம் கைமீறிய பிறகு கடலுக்கு டானிக் ஊற்றக் கிளம்பிய உலகத்தின் மேல். நாங்கள் மட்டும் என்ன ஒழுங்கு? வேர் காய்ந்து கிடக்க இலைக்கு மருந்தடித்தவர்கள்தானே.

சித்திரை பிறப்பதற்குள் போர் வெறும் காற்றைக் கக்கியது. இடையிடையே வரும் தண்ணீர் மாட்டுக்கும் வீட்டுக்குமே இழுபறியாக இருந்தது. கொய்யாவை எடுத்துவிடுவது என்று முடிவு செய்தோம். முடிவு செய்தோம் என்ன, நான் சொன்னேன், அவர் தலையாட்டினார்.

மரம் அறுக்க வந்தவர் தோப்பைப் பார்த்துத் தயங்கினார். "ஏனுங்க, இலையெல்லாம் இம்புட்டுப் பச்சையா இருக்குதுங்களே, இதையா அறுக்கச் சொல்றீங்க?"

என் கணவர் ஓர் இலையைக் கிள்ளி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். "மஞ்சளாவே விட்டிருக்கலாம் புள்ள," என்றார் என்னிடம். திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்குள் போய்விட்டார்.

மெஷினைப் போடச் சொல்ல நான்தான் மிச்சம் இருந்தேன்.