மலையில் பறிபோன மல்லிகை

போன மார்ச்சில் ஒரு காலை, தேக்கா சந்தையில் மல்லிகை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு கணவருடன் புக்கிட் தீமா மலைக்காட்டுக்குப் போனேன். வெளியே கிளம்பினால் பூ வைப்பது என் வழக்கம். காட்டுக்கு எதற்கு என்று தோன்றவே இல்லை.

பாதி வழியில் அவர் ஒரு மரத்தைக் காட்டினார். பட்டையோடு பட்டையாக ஒட்டிக்கொண்டு, மரத்துக்கு மரம் சறுக்கிப் பறக்கும் கொலுகோ ஒன்று குட்டியை அணைத்தபடி தூங்கிக்கொண்டிருந்தது. நான் அண்ணாந்து பார்த்தபடியே நின்றேன். பின்னாலிருந்து யாரோ என் முடியைப் பிடித்து இழுத்தார்கள்.

“ஆடாத, குரங்கு லா. கத்தாம அப்படியே நில்லு,” என்றார் அவர்.

கைப்பிடிக் கம்பியில் இருந்த தாய்க்குரங்கு, பூவை உருவிக்கொண்டு குட்டியோடு மரமேறிவிட்டது. எனக்கு ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் முடியில் சிக்கிய ஹேர்பின்னை எடுத்துவிடுவதற்குள் அவர் அதை இரண்டு முறை நழுவவிட்டார்.

“பயந்துட்டீங்களா?” என்று கேட்டேன்.

“நீதான் பயந்திருப்ப,” என்றார்.

இப்போதெல்லாம் மலைக்குப் பூ வைத்துக்கொண்டு போவதில்லை. திரும்பும் வழியில் தேக்காவில் இறங்கி வாங்குகிறோம். அவரேதான் வைத்துவிடுகிறார். எப்போதும் கோணலாகத்தான் இருக்கும். நான் சரிசெய்வதில்லை.