ஒரே கணவருக்கு இரண்டு இத்தா

என் குடும்ப நாவல்களைப் பற்றிப் பேசக் கூப்பிடும் இடங்களில் எல்லாம் யாராவது எழுந்து, இந்த வரிசையை எழுத உங்களைத் தூண்டியது எது என்று கேட்பார். ஊரை ஒட்டிய உப்புநீர்க் களப்பு, கடல், மூதாதையரின் பாய்க்கப்பல் என்று எதையாவது சொல்லிச் சமாளிப்பேன். கேட்டவரும் திருப்தியோடு உட்கார்ந்துவிடுவார். அத்தனையும் பொய். மூதாதையர்மீது எனக்கு ஒரு பாசமும் கிடையாது. என்னை எழுத வைத்தது என் பெரிய மாமாவும் அவர் வீட்டு வாசல் படலையும்தான்.

யுத்த காலம். எனக்கு இருபது வயது. குறிஞ்சிப்பிட்டியில் உம்மா காக்கா என்று கூப்பிடும் அண்ணனான பெரிய மாமா வீட்டில்தான் உம்மாவும் நானும், உம்மாவின் தங்கையான சாச்சியும் இருந்தோம். சாச்சியின் கணவரான சாச்சா மன்னார்ப் பக்கம் மீன்பிடிக்கப் போய்த் திரும்பவில்லை. படகு மட்டும் துப்பாக்கிச் சூட்டு ஓட்டைகளோடு கரையொதுங்கியது. பெரிய மாமா சில நாள் பொறுத்தார். பிறகு பள்ளிவாசலில் ஊரைக் கூட்டி, மையத்து, அதாவது உடல், இல்லாமலே இறந்தவருக்கான ஜனாஸாத் தொழுகையை நடத்தி முடித்தார். வீட்டுக்கு வந்து சாச்சியை இத்தா இருக்கச் சொன்னார். கணவன் இறந்தால் எங்கள் பெண்கள் நாலு மாதமும் பத்து நாளும் வெள்ளை உடுத்து, அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் வீட்டுக்குள் இருக்கும் காலம் அது.

"மையத்தக் காட்டுங்க காக்கா, இரிக்கிறன்" என்றார் சாச்சி.

"கடல்ல போனவன்ட மையத்துக்கு நான் எங்க போற?"

மாமா நினைத்தால் நினைத்ததுதான். சாச்சியை அறைக்குள் விட்டு, அலுமாரிக் கண்ணாடிக்குத் துணி போட்டு, சன்னலுக்குப் பலகை அடித்தார்கள். அறைக்கதவின் சாவி மாமாவின் இடுப்பு வாரில் தொங்கியது. பலகையும் சாவியும் மார்க்கம் சொன்னவை அல்ல. அவை மாமாவின் சொந்தச் சேர்க்கை.

இத்தாக் காலம் பாதி தாண்டியிருந்தபோது, வடக்கிலிருந்து விரட்டப்பட்ட முஸ்லிம்கள் படகு படகாக எங்கள் கரையில் வந்து இறங்கினார்கள். அப்படியொரு நாள், உச்சி வெயிலில், நான் வளவுக்குள் மிளகாய் காயப்போட்டுக்கொண்டிருந்தேன். எலும்பும் தோலுமாக ஒருவர் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். சாச்சா! ஆயுதக்காரர்கள் பிடித்துக் காட்டுக்குள் வைத்திருந்து, பிறகு விடுவித்திருக்கிறார்கள். காய்ச்சலில் உடம்பு உதறியது. நான் ஓடிப்போவதற்குள் மாமா முந்திக்கொண்டார்.

"மச்சான், நான்தான்."

"தெரியிது."

"அவ எங்க?"

"இத்தாவில இரிக்கா. ஆம்பிளயள் பாக்க ஏலா."

"ஆருக்கு இத்தா?"

"ஒனக்குத்தான்."

சாச்சா சிரித்தார். மச்சான் பகிடி விடுகிறார் என்று நினைத்திருப்பார். மாமாவின் முகம் அசையவில்லை.

"ஊரக் கூட்டி ஒனக்குத் தொழ வச்சவன் நான். இப்ப ஒன்ன உள்ள எடுத்தா ஊர் என்னப் பாத்துச் சிரிக்கும். பெரிய மௌலவிக்கிட்டக் கேட்டுச் சொல்லுறன். அதுவரைக்கும் களப்புக்கு அந்தக் கரையில, கரைத்தீவில, மத்த அகதியளோட இரி."

படலையைச் சாத்திச் சங்கிலி போட்டார். நான் கத்தினேன். உம்மா என் வாயைப் பொத்தி உள்ளே இழுத்தார். அறைக்குள்ளிருந்து சாச்சி தன் அக்காவைக் கேட்டார்.

"ராத்தா, ஆரு அது?"

"அகதி ஒராள். தண்ணி கேட்டு வந்தவர்."

"குடுத்தீங்களா?"

"ஓம்" என்றார் உம்மா. யாரும் கொடுக்கவில்லை.

உம்மா கையை எடுத்ததும் சன்னல் பலகை இடுக்கில் வாயை வைத்து உண்மையைச் சொன்னேன். அன்றிலிருந்து சாச்சி கதவைத் தட்டினார், கெஞ்சினார், ஏசினார். "மௌலவிக்கிட்டக் கேட்டாச்சா காக்கா?" என்று காலையும் மாலையும் கேட்டார். போகத்தானே போகிறேன் என்று மாமா நாளைக் கடத்தினார். கடைசியில் புத்தளத்துக்குப் போனபோது மௌலவி அவரை நாக்கைப் பிடுங்கிக்கொள்ளும்படி கேட்டுவிட்டார். உயிரோடிருக்கும் கணவனுக்கு என்ன இத்தா, இன்றைக்கே கூட்டி வாருங்கள் என்றாராம். அப்போதுதான் மாமா கரைத்தீவுக்குப் படகு அனுப்பினார்.

படகு மையத்தோடு வந்தது. காய்ச்சல் அன்று காலையிலேயே சாச்சாவை முடித்துவிட்டிருந்தது.

மாமா தன் கையாலேயே படலையை அகலத் திறந்துவிட்டார். சாச்சியின் அறைக்கதவையும் திறந்தார். சாச்சி வந்து முகத்துணியை விலக்கிப் பார்த்தார். "இப்ப காட்டிட்டீங்க காக்கா" என்றார். அடக்கம் முடிந்து ஆட்கள் கலைந்ததும், இத்தா இன்றையிலிருந்து தொடங்குகிறது என்று மாமா அறிவித்தார்.

"இருந்தத கழிக்க ஏலாதா?"

"ஏலா. அது கணக்கில்ல."

இந்த ஒன்றில் மட்டும் மார்க்கம் மாமாவின் பக்கம் இருந்தது.

இப்படியொரு மனிதன் எங்கள் குடும்பத்தில் எங்கே முளைத்தான் என்று தேடித்தான் எழுதத் தொடங்கினேன். அவருடைய வாப்பா, அவருக்கும் வாப்பா என்று தலைமுறை தலைமுறையாகப் பின்னால் போனேன். தெரிந்தது கொஞ்சம், மிச்சத்தை நானே கட்டினேன். எல்லாக் காலத்திலும் படலைக்கு உள்ளே ஒரு மாமா நிற்கிறார், வெளியே ஒருவர் நிற்கிறார். வெளியே நிற்பவரை ஒவ்வொரு நாவலிலும் உள்ளே விட்டேன். மாமாக்களை ஒவ்வொருவராகச் சாகடித்தேன், சிலரை மெதுவாக. எழுதும்போது எனக்கு நல்ல சந்தோஷமாக இருந்தது. அதற்காக யாரிடமும் மன்னிப்புக் கேட்கப் போவதில்லை.

ஒரு பகுதியை மட்டும் எந்த நாவலிலும் வைக்க முடியவில்லை. இரண்டாவது இத்தா முடிந்த அன்று உம்மா சன்னல் பலகையைக் கழற்றி, கலர்ச் சாரி ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். நானும் பின்னால் போனேன். சாச்சி பாயை விட்டு எழும்பவில்லை.

"முடிஞ்சிட்டு, வெளிய வா" என்றார் உம்மா.

"ஆரு சொன்ன?"

"காக்கா."

"போன தரமும் அவரு மௌத்தாகிட்டாருண்டு காக்காதான் சொன்னாரு. வந்தாருதானே?" என்றார் சாச்சி. "நான் இரிக்கிறன். நீங்க போய் அந்தப் படலையத் தொறந்து வைங்க ராத்தா."