அப்பாவின் சைவமும் என் குடலும்

இன்று குடலுக்குள் கேமரா விடும் ஸ்கோப் முடிந்து, டாக்டர் அறையில்...

மூன்று நாற்காலிகள். அம்மா, அப்பா, நான்.

திரையில் என் பெருங்குடல். (இவ்வளவு நெருக்கமாக என்னை யாரும் போட்டோ எடுத்ததில்லை!)

இரண்டு வருடமாகக் குடலின் கடைசி முனையில் அழற்சி. அது மேலே பரவிவிட்டதா என்பதுதான் கேள்வி.

பரவியிருந்தால் ஊசி மருந்து. திங்களன்று சென்னையில் சேர வேண்டிய வேலை தள்ளிப்போகும். கைவிட்டே போகலாம்.

டாக்டர் ரிசல்ட்டைச் சொல்லவில்லை. பழைய கேள்வியைக் கேட்டார்.

"குடும்பத்துல வேற யாருக்காவது இது இருக்கா?"

போன தடவை அப்பா "யாருக்கும் இல்லைங்க" என்றார். இன்று தரையைப் பார்த்தார்.

பிறகு, "எனக்குங்க."

அம்மா திரும்பிய வேகத்தில் நாற்காலி நகர்ந்தது. "என்னது?"

"கல்யாணத்துக்கு முன்னாடி. ரத்தமா போச்சு. பாண்டிச்சேரில காட்டுனேன், இதே பேருதான் சொன்னாங்க. அப்ப மைன்ஸ்ல கான்ட்ராக்ட்டு. வெளிய தெரிஞ்சா பர்மனென்ட் ஆவ மாட்டனோன்னு பயம். கொஞ்ச நாள் மாத்திரை தின்னேன். அப்படியே மறைச்சிகினு இருந்துட்டேன்."

"அப்ப நீங்க கறி சாப்பிடாதது?"

"வயித்துக்கு ஒத்துக்கல."

இங்கே ஒரு விளக்கம். சுரங்கக் குடியிருப்பில் எங்கள் பிளாக்குக்கு அப்பா பெரிய வள்ளலார் பக்தர். வடலூர் பக்கத்திலேயே இருப்பதால், இங்கே ஒருவர் கறியை விட்டால் யாரும் காரணம் கேட்பதில்லை. மரியாதைதான் கொடுப்பார்கள். ஷிப்ட்டில் அவர் பெயரே 'சாமி'. அவரும் மறுக்கவில்லை!

"வருஷா வருஷம் பூசத்துக்கு உங்ககூட நானும் விரதம் இருந்தேனே!"

"விரதம் நெசமாத்தான் இருந்தேன்."

டாக்டர் தண்ணீர் குடித்தார். (சிரிப்பை விழுங்க.)

"கறிய விட்டதால வியாதி போகலைங்க. தூங்குது, அவ்வளவுதான். இதுல ஒரு ஜீன் இல்ல, நிறைய. சிலது யாருக்கு வரும்ங்கறதுல கை வைக்கும், சிலது எவ்வளவு தூரம் பரவும்ங்கறதுல. ஒரே குடும்பத்துல சில சமயம் ஒரே மாதிரி நடந்துக்கும். ஆனா ஜீன் மட்டும் முடிவு பண்றதில்ல. உங்களுக்கு எந்த இடத்துல இருந்துச்சு?"

"கடைசி முனைலதான்னாங்க."

டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார்.

"பொண்ணுக்கும் அங்கயேதான் நிக்குது. ஒரு இன்ச் ஏறல. திங்கக்கிழமை வேலைக்குப் போகட்டும். மாத்திரைய மட்டும் விடக்கூடாது."

அம்மா அழுதார். உடனே அப்பா தோளில் ஓர் அடி. "விட்ட ஆளு இதோ உக்காந்திருக்கு டாக்டர்!"

நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். இளஞ்சிவப்பு. ஈரம். சுத்தம்.

அப்பாவிடமிருந்து எனக்கு வந்தது மூக்கு மட்டும் என்று நினைத்திருந்தேன்.

"அடுத்து உங்களுக்கு ஸ்கோப்," என்றார் டாக்டர்.

"எனக்கு ஷிப்ட் இருக்குங்களே."

"லீவ் லெட்டர் நான் எழுதுறேன்," என்றார் அம்மா.

ஆக, நான் சென்னை கிளம்புமுன், இந்த வியாழக்கிழமை அப்பா. குடலைக் கழுவும் அந்த இரண்டு லிட்டர் மருந்தைக் கலக்கப்போவது நான்.

எலுமிச்சை பிழிந்தால் கொஞ்சம் சுலபமாக இறங்குமா? குடித்தவர்கள் சொல்லுங்கள். அவர் இப்போதே பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் படிக்கிறார்!